இடம் வந்து, கொஞ்சம்…

“அந்த வண்டி உங்களுக்கு யாருங்க?” என்று ஒருமுறை ஒருவர் ஹிசாயேயிடம் கேட்டார்.

என்ன என்று கேட்கவில்லை. யாரு என்றுதான் கேட்டார். கேட்டவர் மீன் ஏலக்கூடத்துக் காவலாளி. ஹிசாயே வண்டிக்குள் தனியாக உட்கார்ந்து யாரையோ திட்டிக்கொண்டிருந்ததை அவர் பார்த்துவிட்டார். அவள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஹிசாயே மொமோசேக்கு வயது நாற்பத்தெட்டு. இசோமே கடற்கரையில் கருவாடு காயவைத்து, மலைப்பக்கத்து விடுதிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவள். மனிதர்களுக்கு முன்னால் அவளுக்கு வாய் திறக்காது. “போன வாரம் உப்பு தூக்கலா இருந்துச்சே” என்று விடுதிக்காரர் சொன்னால் குனிந்து மன்னிப்புக் கேட்பாள். வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான், “உப்பு உன் நாக்குலய்யா!” என்பாள். இருபத்தேழு வருடமாக அந்தச் சின்ன ஹிபாரி வேன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு ஓடியது.

இப்போது அந்த வேனுக்குத்தான் ஆபத்து வந்திருந்தது.

“அந்த அட்டையில அப்படி என்னதான்டி எழுதித் தொலைச்சே?” என்று கேட்டாள் பக்கத்து வீட்டு மிச்சியோ. ஊரில் ஹிசாயே ஓரளவு பேசுகிற ஒரே ஆள்.

“எல்லாரும் எழுதுறதைத்தான் எழுதினேன்.”

ஹிபாரி கம்பெனிக்கு நூறு வயது ஆகப்போகிறது. வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் அட்டை அனுப்பி, ‘எங்கள் வண்டியைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?’ என்று கேட்டிருந்தார்கள். ஹிசாயே மூன்று நாள் யோசித்து, ‘இப்படிப்பட்ட வண்டி என்னுடைய அழுக்குக் கொட்டகையில் நிற்பது தகாது. உங்கள் வரலாற்றுக் கூடத்தில் நிற்க வேண்டியது’ என்று எழுதினாள்.

“கொடுக்கிறேன்னே எழுதிட்டியா!”

“மரியாதைக்கு எழுதினதுடி. நம்ம வீட்டுக்கு யாராவது வந்தா, ஓட்டை வீடுன்னு சொல்றோம்ல? உடனே இடிச்சிடுவாங்களா?”

“கம்பெனிக்காரங்க இடிச்சாலும் இடிப்பாங்க. வாசல்ல யாரு நிக்கிறாங்கன்னு பாரு.”

வாசலில் சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒருவர் நின்றிருந்தார். கையில் இனிப்புப் பெட்டி. ஹிபாரி வரலாற்றுக் கூடத்தின் பொறுப்பாளர் குவாபாரா என்று சொல்லிக் குனிந்தார். ஹிசாயேயும் குனிந்தாள். அவர் இன்னும் நிமிரவில்லை என்று பார்த்து இன்னொரு முறை குனிந்தாள்.

“உங்க அட்டையைப் படிச்சோம்மா. எங்க தலைவருக்கே படிச்சுக் காட்டினோம். கூடத்துல நிக்க வேண்டிய வண்டின்னு எழுதியிருந்தீங்க.”

“ஐயோ, அது…”

“அந்த விஷயமாத்தான் வந்தேன். கூடத்துல இடம் வந்து… கொஞ்சம்…”

அவ்வளவுதான் சொன்னார். மீதியைத் தரையைப் பார்த்துக்கொண்டு நிறுத்திக்கொண்டார். இசோமேயில் யாரும் அந்த வார்த்தைக்கு அப்புறம் வாக்கியத்தை முடிப்பதில்லை. முடிப்பது கேட்பவரின் வேலை. ஹிசாயே முடித்துக்கொண்டாள்: கொஞ்சம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

வேண்டாம் என்று சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? வண்டியைத் தாழ்த்திப் பேசினால் அவராகவே புரிந்துகொள்வார் என்று தோன்றியது.

“வண்டியும் வந்து… கொஞ்சம்…” என்றாள். “இடது கதவு சரியா சாத்தாது. அடியில துரு. மேட்டுல ஏறும்போது இருமும்.”

குவாபாராவின் முகம் வாடியது. “அவ்வளவு சிரமப்படுறீங்களா?” என்றார்.

சங்கடம் வந்தால் குவாபாரா வரலாறு பேசுவார் போலிருக்கிறது.

“எங்க நிறுவனர் முதல்ல கார் செய்யலை, தெரியுமாம்மா? நூடுல்ஸ் வெட்டுற இயந்திரம் செஞ்சார். பயங்கர கனம். மலை மேல இருக்கிற கடைகளுக்குக் கொண்டுபோக ஒரு மூணு சக்கர வண்டி கட்டினார். கடைக்காரங்க இயந்திரம் வேண்டாம்னுட்டு வண்டியைக் கேட்டாங்க.”

ஹிசாயே பயத்தை மறந்தாள். இப்படி ஏதாவது கேட்டால் அவளால் சும்மா இருக்க முடியாது. “அப்போ இயந்திரம் என்ன ஆச்சுங்க?”

“கூடத்து வாசல்லயே நிக்குது. பெரிசு. நிறைய இடத்தை அடைச்சுக்குது.”

“ஹிபாரின்னு ஏன் பேரு வந்துச்சு? அது வானம்பாடியாச்சே?”

“முதல் வண்டி தெருவுல போனா வானம்பாடி கத்துற மாதிரி சத்தம் வருமாம். ஜனங்க ஹாரன்னு நெனச்சாங்க.” குவாபாரா குரலைத் தாழ்த்தினார். “பிரேக்கும்மா அது.”

அவர் போன பிறகு ஹிசாயே வேனுக்குள் போய் உட்கார்ந்தாள். “தர மாட்டேன்!” என்று கத்தினாள். வேனுக்குள் வார்த்தை நன்றாகத்தான் வந்தது.

மறுநாள் காலை கம்பெனியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்துவிட்டார். கதவைச் சரிசெய்தார், துருவைச் சுரண்டினார், இருமலையும் நிறுத்தினார்.

“இனி பத்து வருஷத்துக்குக் கவலை இல்லைம்மா. குவாபாரா சார் ரொம்ப அழுத்திச் சொல்லி அனுப்பினார்.”

“கல்யாணப் பொண்ணை சோடிக்கிறாங்கடி,” என்றாள் மிச்சியோ, மதிலுக்கு மேலே தலையை நீட்டி. “அப்புறம் பல்லக்குதான்.”

இனிப்பு வாங்கியாயிற்று, வேலையும் செய்து கொடுத்துவிட்டார்கள். பதிலுக்கு ஒன்றும் அனுப்பாமல் இருப்பது இசோமேயில் நடக்காது. ஹிசாயே தன்னிடம் இருந்ததில் முதல் தரமான கருவாட்டை எடுத்து, ஒரு பெரிய பெட்டியில் அடுக்கி, கூடத்துக்கு அனுப்பிவைத்தாள். இதோடு கணக்கு நேராகிவிடும் என்று நினைத்தாள்.

இரண்டே வாரத்தில் குவாபாரா மறுபடி வந்தார். இந்த முறை இனிப்புப் பெட்டி இரண்டு மடங்கு பெரிது.

அவர் வருகிற நாளை முன்கூட்டியே கடிதத்தில் தெரிவித்திருந்ததால் ஹிசாயே ஆயத்தமாக இருந்தாள். கண்காட்சியில் வைக்கவே லாயக்கில்லாத வண்டி என்று அவர் கண்ணாலேயே பார்க்கட்டும். வயல் பாதையில் ஓட்டிச் சக்கரத்திலிருந்து கூரை வரைக்கும் சேற்றை அப்பியிருந்தாள். உள்ளே காயாத மீன் பெட்டிகள் பதினாறு. கதவைத் திறந்தபோது மூன்று வீடு தாண்டிச் சுற்றிக்கொண்டிருந்த மிச்சியோவின் பூனை ஓடிவந்தது.

குவாபாரா வண்டியைச் சுற்றி நடந்தார். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவு மரியாதை. ஆனால் கண்ணில் நீர் நின்றது.

“தனியா இருந்துகிட்டு இதை வச்சுப் பராமரிக்கிறது… உங்களுக்கு ரொம்ப…” என்றார்.

“ஆமாங்க, வண்டி இப்படித்தாங்க. எப்பவுமே இப்படித்தான்.”

“நீங்க அனுப்பின கருவாடு கிடைச்சுது. வாசனை… கூடம் முழுக்க… பார்க்க வர்றவங்ககூடச் சொன்னாங்க.”

“பிடிச்சிருந்துச்சா?”

“கொஞ்சம்…”

ஹிசாயே அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு இன்னொரு பெட்டி அனுப்ப வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டாள்.

மறுபடி சங்கடம். குவாபாரா மற்ற அட்டைகளைப் பற்றிச் சொன்னார். பன்னிரண்டாயிரம் அட்டை வந்ததாம். ஒன்றில்கூடக் குறை இல்லையாம்.

“ஒண்ணுலகூடவா?”

“ஒருத்தர், ‘இதில் இருக்கும் ஹீட்டரால் குளிரைத் தாங்கும் உடம்பு வாய்த்தது, நன்றி’ன்னு எழுதியிருக்கார். இன்னொருத்தர், ‘கண்ணாடி துடைப்பான் நின்றுபோனதால் மழையை நின்று ரசித்தோம்’னு. ஒரு அம்மா, ‘கியர் விழும் சத்தத்தில் குழந்தை தூங்க மாட்டேன் என்கிறது, நல்ல சுறுசுறுப்பு’ன்னு எழுதியிருந்தாங்க.” அவர் பெருமூச்சு விட்டார். “இதையெல்லாம் படிச்சு என்ன அர்த்தம்னு கண்டுபிடிக்கிறதுக்கு மூணு பேர் வேலை பார்க்கிறாங்கம்மா.”

“என் அட்டைக்கு என்ன அர்த்தம்னு கண்டுபிடிச்சாங்க?” என்று கேட்க ஹிசாயேக்கு நாக்கு துடித்தது. அதற்குள் அவர் குனிந்து விடைபெற்றுவிட்டார்.

மூன்றாம் நாள் அதே மெக்கானிக் வந்தார். வண்டியைக் கழுவினார், உள்ளே எலுமிச்சை மணக்கும் ஏதோ ஒன்றைத் தெளித்தார். பழைய டயர் நான்கையும் கழற்றிவிட்டுப் புது டயர் மாட்டினார். வேன் தொழிற்சாலையிலிருந்து அன்றுதான் வந்ததுபோல் நின்றது. ஹிசாயேக்கு அழுகை வந்தது.

“பொண்ணுக்கு நகையும் போட்டாச்சு,” என்றாள் மிச்சியோ. “இனி வாயைத் திறந்து சொன்னாத்தான் உண்டு. ‘தர முடியாது’. ரெண்டே வார்த்தை. எங்கே, என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு.”

“தர… தர வந்து…”

“போச்சு.”

“டயர் வேற வாங்கிட்டேனேடி. மனுஷன் அழுதாருடி. எப்படிச் சொல்றது?”

“வாய்ல வராட்டி எழுது. எழுதித்தானே வம்பை இழுத்தே, எழுதியே முடி.”

ஹிசாயே நல்ல தாளாக எடுத்து எழுத உட்கார்ந்தாள். கடிதம் என்றால் பருவத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். பிளம் மரம் பூத்ததைப் பற்றி ஒரு பத்தி. கடல் காற்று மிதமாகியிருப்பதைப் பற்றி ஒரு பத்தி. குவாபாராவின் உடல்நலம், தலைவரின் உடல்நலம், கூடத்தில் வேலை செய்யும் எல்லாரின் உடல்நலம். கதவுக்கும் டயருக்கும் தனித்தனியாக நன்றி. தாளின் கடைசி இரண்டு வரிதான் மிச்சம் இருந்தது. அங்கே, ‘வண்டி விஷயத்தில் தாங்கள் இத்தனை தூரம் வந்தும் இன்னும் ஒரு முடிவு ஏற்படாமல் இருப்பது என் மனதை வருத்துகிறது. தாங்கள் புரிந்துகொள்வீர்கள்’ என்று எழுதி முடித்தாள்.

மிச்சியோ படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தாள். “இதுல முடியாதுன்னு எங்கேடி இருக்கு?”

“‘புரிந்துகொள்வீர்கள்’னு இருக்கே.”

கடிதத்தோடு கருவாட்டுப் பெட்டி ஒன்றும் போயிற்று.

ஒரு வாரம் கழித்து, காலை ஒன்பது மணிக்கு, தெருமுனையில் ஒரு லாரி திரும்பியது. கார்களை ஏற்றிச் செல்லும் லாரி. பின்பக்கம் காலியாக இருந்தது. டிரைவர் கழுத்தில் துண்டு போட்ட நடுவயது ஆள். பக்கத்தில் குவாபாரா, கறுப்புக் கோட்டில், மடியில் ஒரு முலாம்பழப் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த ஊரில் முலாம்பழத்தைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தால் பெரிய வேண்டுகோளோ பெரிய மன்னிப்போ காத்திருக்கிறது என்று அர்த்தம்.

“பல்லக்கு வந்துடுச்சு,” என்றாள் மிச்சியோ. இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

குவாபாரா இறங்கினார். ஒரு மாதத்தில் இளைத்திருந்தார். “உங்க கடிதம் கிடைச்சுதும்மா. உங்க மனசை இத்தனை நாள் வருத்தினதுக்கு மன்னிக்கணும். நேத்து கூட்டம் போட்டுப் பேசினோம். எப்படியாவது… ஏதாவது ஒரு மூலையில…”

டிரைவர் சாய்வுப் பலகையை இறக்கினார். அது தரையில் மோதியது.

ஹிசாயே வேனுக்கு முன்னால் போய் நின்றாள். ஏலக்கூடத்துக் காவலாளி ‘யாருங்க’ என்று கேட்டது நினைவுக்கு வந்தது. இந்த வண்டி போய்விட்டால் அவள் பேசிய பேச்செல்லாம் போய் ஒரு கண்ணாடிக் கூடத்தில், கயிறு கட்டிய வளையத்துக்குள் நிற்கும். அவள் வாழ்நாள் முழுக்க விடுதிக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பேருந்தில் வர வேண்டும். கருவாட்டுக் கூடையோடு யாருக்கும் கேட்காமல் பேருந்தில் எப்படித் திட்டுவது?

“குவாபாரா சார்.”

“சொல்லுங்கம்மா.”

“இந்த வண்டி வந்து…”

குவாபாரா காத்திருந்தார். டிரைவர் காத்திருந்தார். மிச்சியோ மதிலைப் பிடித்துக்கொண்டு உதடுகளால், ‘ரெண்டே வார்த்தை’ என்று காட்டினாள்.

“கொஞ்சம்…” என்று தொடங்கிவிட்டாள் ஹிசாயே. பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டாள். “கொஞ்சம் இல்லை! தர மாட்டேன்! நான் தரேன்னு சொல்லவே இல்லை! அட்டையில மரியாதைக்கு எழுதினேன்! நீங்க எத்தனை முலாம்பழம் கொண்டுவந்தாலும் தர மாட்டேன்!”

திறந்த வெளியில் அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. மதில் மேல் இருந்த பூனை இறங்கி ஓடியது.

கண்ணைத் திறந்து பார்த்தாள். குவாபாரா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. ஒரு பெரிய மனிதரை நடுத்தெருவில் அழவைத்துவிட்டோமே என்று ஹிசாயே பதறிக்கொண்டு அருகே போனாள்.

“மன்னிச்சிடுங்க சார், உங்களை நான்…”

டிரைவர் பலகையை மறுபடி மேலே தூக்கிக்கொண்டே சொன்னார்: “நீங்க எதுக்கும்மா மன்னிப்புக் கேட்கிறீங்க? கூடத்துல இதே வண்டி ஏற்கெனவே ஒன்பது நிக்குது. பத்தாவது வேண்டாம்னு சொல்லத்தான் இவரு ஒரு மாசமா உங்க வீட்டுக்கு நடையா நடந்தாரு. சொல்ல வாய் வராமத்தான் இன்னிக்கு லாரியோட வந்திருக்காரு.”

குவாபாரா முகத்திலிருந்து கையை எடுத்தார். முலாம்பழப் பெட்டியை வேனின் முன்பக்கத்தில் மெதுவாக வைத்தார். இடுப்பு வரை குனிந்தார், நிமிர்ந்தார். பிறகு லாரியில் ஏறிப் போனார்.