அச்சொட்டாக ஒரு பித்தளைப் புஷ்

கையில் அளவுகோலோடு வருகிறவனை லேசில் நம்பாதீர்கள். கனடாவில் விமான உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு மேலாளராக இருக்கிறவன் சொல்கிறேன். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து, வன்னியில், தர்மபுரத்தில் அக்கா வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்தேன். மணியண்ணையின் லேத் பட்டறையில் வேலை. பொருளாதாரத் தடையால் ஓர் ஆணிகூட வவுனியா தாண்டி வராத காலம். பழுதான சாமானைக் கொண்டுவந்தால், அதைப் பார்த்துப் புதிது கடைந்து கொடுப்போம். என்னிடம் மயிரிழை வரை அளக்கிற வேர்னியர் அளவுகோலும், விமானத் தொழிற்சாலைகளில் தரம் பார்ப்பது பற்றிய பழைய புத்தகமும் இருந்தன. (விமானச் சத்தம் கேட்டால் சனம் பங்கருக்குள் ஓடும். நான் இந்தப் புத்தகத்தோடு ஓடுவேன்.) மணியண்ணை என்னை 'இன்ஸ்பெக்டர்' என்றே கூப்பிடுவார். நக்கல்தான். அது விளங்காமல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

அந்தச் சிறுபோகத்தில் அத்தானின் நெல் கதிர் தள்ளுமுன் குடலைப் பருவத்தில் நின்றபோது கிணற்றுப் பம்ப் படுத்துவிட்டது. உள்ளே சுழலும் தண்டை ஆடாமல் பிடிக்கிற பித்தளை வளையம் தேய்ந்து போயிருந்தது. அதைத்தான் புஷ் என்போம். புதிது செய்யப் பித்தளைக்கு எங்கே போவது? அக்கா தன் கலியாணத்துக்கு வந்த குத்துவிளக்கைத் தூக்கி வந்து பட்டறையில் வைத்தார்.

"வயல் காஞ்சு போனா விளக்கென்னத்துக்கு? அதின்ரை தண்டை வெட்டுங்கோ."

மணியண்ணை கடைந்து தந்த புஷ்ஷை அளந்தேன். துவாரம் பழையதைவிடச் சின்னது.

"இது ரிஜெக்ட், அண்ணை."

"அப்பிடியே இன்ஸ்பெக்டர்? சரி, இன்னும் குடைஞ்சு விடுறன்." அவருக்குச் சோற்று நேரம், என்னோடு வாதாட மனமில்லை.

குடைந்தார், அளந்தேன். மறுபடி குடைந்தார். பழையதும் புதியதும் அச்சொட்டாக ஒன்றாகும் வரை நான் விடவில்லை. மாதிரிக்கும் செய்த சாமானுக்கும் மயிரிழை வித்தியாசமும் கூடாதென்று புத்தகம் சொல்லியிருந்தது. அந்த மாதிரியே தேய்ந்து, துவாரம் அகன்று செத்த சாமான் என்பது என் மண்டையில் ஏறவேயில்லை.

பம்பைப் பூட்டி ஸ்டார்ட் பண்ணினோம். கடகடவென்று ஆடியது, ஒரு வாய் தண்ணீர் துப்பியது, பிறகு வெறும் காற்று. அத்தான் குனிந்து காதைக் கொடுத்தார்.

"பழசும் இதே சத்தம்தான் தம்பி போட்டது."

"அளவு அச்சொட்டாச் சரி, அத்தான்..."

"ஓமடாப்பா. பழுதையும் விடாமல் செய்திருக்கிறாய்."

குடைந்த பித்தளையைத் திரும்ப ஒட்ட முடியுமா? வீட்டில் வேறு விளக்கும் இல்லை. அக்கா, அத்தான், நான் மூவரும் வாளியால் அள்ளி ஊற்றினோம். அத்தான் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் மனம் ஆறியிருக்கும். கதிர் வந்தது, முக்கால்வாசி உள்ளே அரிசியில்லாத சப்பி. அதன்பிறகு நிவாரண மாவில் சுட்ட ரொட்டிதான். என் சாப்பாட்டுக் கோப்பையில் ரொட்டியைப் போடும்போதெல்லாம் அக்கா, "அளந்து பாத்திட்டுச் சாப்பிடு" என்பார். எல்லோரும் சிரிப்போம்.

போன வருடம் இங்கே என் மகளின் கலியாணம். அக்காவுக்கு இரண்டாம் முறையும் விசா மறுத்துவிட்டார்கள். தாலி கட்டி முடிந்ததும் ஊரிலிருந்த அக்காவை அழைத்துப் போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏன் மாமி வரேல்லை?" என்றாள் மகள்.

"பிளேனிலை உன்ரை அப்பர் அளந்த சாமான் கிடக்குமாம் பிள்ளை. நான் ஏறமாட்டன்."

மண்டபமே வெடித்துச் சிரித்தது. அக்காவும் சிரித்தார். பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ஸ்பீக்கரை நிறுத்திவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டேன்.