அம்மை போட்ட ஞாயிற்றுக்கிழமை

இந்த ஞாயிற்றுக்கிழமை என் மகளை நேரில் பார்த்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

அவள் துபாயில் இல்லை. பேளுக்குறிச்சியில், என் வீட்டில்தான் இருக்கிறாள். நான் ஜவ்வரிசி மில்லில் ராத்திரிக் காவல். விடிந்து நான் வந்தால் வித்யாஸ்ரீ டைப்பிங்குக்குப் போகிறாள். அப்புறம் பள்ளிக்கூடம், ஹிந்தி, கராத்தே. அவள் திரும்பும்போது நான் டார்ச்லைட்டோடு கிளம்புகிறேன். வாசல்படியில் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கிக்கொள்வோம். கொல்லிமலை வளைவில் எதிரெதிரே வரும் லாரிகள்கூட ஒரு ஹாரன் அடித்து விசாரித்துக்கொள்ளும். எங்களுக்கு அதுவும் இல்லை.

மனைவி அம்சவேணியிடம் மெதுவாக ஆரம்பித்தேன்.

“ஞாயித்துக்கிழமை பாப்பாவைக் கொல்லிமலைக்கு, சோளக்காட்டுச் சந்தைக்குக் கூட்டிட்டுப் போறேன். அன்னாசி தின்னுட்டு, ரெண்டு வார்த்தை பேசிட்டு வாரோம்.”

“அன்னிக்கு டேன்ஸுங்க.”

“ஒரு நாள் ஆடாட்டி என்ன? பதினாலு வயசாச்சு. பேச ஒரு சிநேகிதி உண்டா அதுக்கு? கிளாஸு கிளாஸுன்னு விரட்டி, புள்ளை பஸ்ஸு மாதிரி ஓடுது!”

“பஸ்ஸுலதானுங்க நாலு பேரு ஏறுவாங்க. நீங்க தூங்குங்க.”

படுத்தேன். தூக்கம் வரவில்லை. யோசனை வந்தது.

சனிக்கிழமை காலை, வரும் வழியில் டேன்ஸ் டீச்சர் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினேன். “பாப்பாவுக்கு அம்மை போட்டிருக்குதுங்க.”

டீச்சர் திரும்பாமல் பின்பக்கமாகவே நடந்து வீட்டுக்குள் போய்விட்டார். அம்மை என்றால் எங்கள் ஊரில் மறுகேள்வி கிடையாது. யாரும் வந்து பார்க்கவும் மாட்டார்கள். சாமி காரியம். என் மூளையை நானே மெச்சிக்கொண்டு வீட்டில் போய்ப் படுத்தேன்.

கண் விழித்தால் தலைமாட்டில் வேப்பிலை. கால்மாட்டில் வேப்பிலை. வாசல் நிலையில் பாதி மரமே செருகியிருந்தது.

“எந்திரிக்காதீங்க. உங்களுக்கு அம்மை போட்டிருக்குது.”

“எனக்கா? எங்கே, ஒரு கொப்புளத்தைக் காட்டு!”

“உள்ளுக்குள்ள இருக்குதுங்க. பேசுனா வெளிய வந்துரும்.”

“அம்சவேணி…”

“டீச்சர் பக்கத்து மளிகைக் கடைக்குப் போன் போட்டு, என்னைக் கூப்புட்டு விசாரிச்சாங்க. இல்லீங்கன்னு சொன்னா உங்களைப் பொய்யராக்குன மாதிரி ஆயிராதுங்களா? கட்டுன புருசனை விட்டுக்குடுப்பனா? அம்மை அவருக்குங்க, காய்ச்சல்ல பேரை மாத்தி உளறிட்டாருன்னேன். மில்லுக்கும் சொல்லிவிட்டாச்சு.”

“பாப்பா எங்கே?”

“அம்மை ஊட்டுல புள்ளைய வெச்சிருப்பாங்களா? மர்யம் ஊட்டுக்கு அனுப்பிட்டேன்.”

“யாரு மர்யம்?”

“பழக்கடை யாக்கூப் பாய் மக. டைப்பிங்குல பாப்பாவுக்குப் பக்கத்து மெசினு. ரெண்டும் ஒட்டிப் பொறந்த மாதிரி. அவங்கம்மாகிட்ட மட்டும் நெசத்தைச் சொன்னேன். இன்னும் சிரிச்சுகிட்டு இருக்குறாங்க.”

“அதுக்குச் சிநேகிதியே இல்லைன்னு…”

“கராத்தேல ஒரு கூட்டம், ஹிந்தில ஒரு கூட்டம். வயசுப் புள்ளை தெருவுல நின்னு பேசுனா, இங்கென்ன வேலைன்னு நீங்களே கேப்பீங்க. கிளாஸுன்னா கேப்பீங்களா? டைப்பிங்குல இன்னும் மொத வரிசையே தாண்டலீங்க. அது எதுக்குப் போவுதுன்னு இன்னுமா தெரியல?”

ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு கூட்டம் பெண்கள் கைகோத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்கள். நடுவில் ஒருத்தி தலையைச் சாய்த்துச் சிரித்தாள். யார் வீட்டுப் பெண்ணோ என்று பார்த்தேன். என் வீட்டுப் பெண். இந்தச் சிரிப்பு அவளுக்கு எப்போது வந்தது?

பின்னாலேயே அம்சவேணி, பட்டுச் சேலையில்.

“சோளக்காட்டுக்குங்க. தொணைக்குப் பெரியவங்க வேண்டாமா? டேன்ஸு ஒரு நாள் இல்லாட்டி என்னங்க? கேப்பங்கூழ் மூடி வெச்சிருக்கறேன்.”

“அன்னாசியாவது வாங்கிட்டு வா!”

“அம்மைக்கு ஆகாதுங்க.”

தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி முடிகிறவரை நான் வெளியே போகக் கூடாது; மகள் உள்ளே வரக் கூடாது. எத்தனையோ வருஷத்தில் நான் ராத்திரி வீட்டில் இருந்தது அந்த வாரம்தான். அவள் இல்லாததும் அந்த வாரம்தான்.

மூன்றாவது தண்ணீரும் ஊற்றியாயிற்று; அன்று ராத்திரியே காவலுக்குப் போக வேண்டும். “பாப்பா வருது பாருங்க” என்று அம்சவேணி என் கையில் டார்ச்லைட்டைத் திணித்தாள். வாசலுக்கு ஓடினேன். மகள் படியேறி வந்தாள். பழக்கதோஷம், ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கினோம்.

“அம்மை எறங்கிருச்சுங்களாப்பா?” என்று தலையைச் சாய்த்துச் சிரித்தாள்.

வாயைத் திறந்தேன். மில்லில் சங்கு ஊதிவிட்டது.