லிஃப்ட்காரர் மயங்கிய ஞாயிற்றுக்கிழமை

ஹிப்னாடிசம் என்பது சுத்தப் பித்தலாட்டம், அதை நிரூபித்தே தீருவது என்று லிஃப்ட் மெக்கானிக் அந்த ஞாயிற்றுக்கிழமை பல் துலக்கும்போதே முடிவு கட்டிவிட்டார்.

மனிதர் எதையும் லேசில் நம்ப மாட்டார். நின்றுபோன லிஃப்டைவிட ஒழுங்காக ஓடுகிற லிஃப்ட் மேல்தான் அவருக்குச் சந்தேகம் அதிகம். அப்படிப்பட்டவரிடம், பல் டாக்டருக்கு உதவியாளராக இருக்கும் மனைவி முந்தின நாள்தான் சொல்லியிருந்தாள்: "எங்க டாக்டர் பேசியே ஆளை மயக்கிடறாருங்க. நடுங்கிக்கிட்டு வர்றவங்ககூட வாயைத் திறந்துக்கிட்டுச் சிலை மாதிரி உட்கார்ந்துடறாங்க. பார்த்துப் பார்த்து நானும் கத்துக்கிட்டேன்."

காப்பியைக் குடித்ததும் அவரே ஆரம்பித்தார்.

"அதெல்லாம் நடிப்பு. டாக்டர் மனசு நோகக் கூடாதேன்னு நடிக்கிறாங்க."

"இல்லீங்க, மனசு நிஜமாவே வேற ஒரு நிலைக்குப் போயிடுது."

"வேற நிலையாவது, மண்ணாங்கட்டியாவது!"

"அப்ப உங்களை வச்சே பார்த்துடலாமா?"

இதற்குத்தானே காத்திருந்தார்! மயங்கினவர் போல நடிப்பது. அவள் சொன்னதையெல்லாம் செய்வது. கடைசியில், "அத்தனையும் நடிப்பு!" என்று அவள் மூக்கை உடைப்பது. நாற்காலியில் ஜம்மென்று சாய்ந்தார்.

"கண்ணை மூடுங்க. நீங்க லிஃப்ட்ல இருக்கீங்க. பத்தாவது மாடி. மெதுவா இறங்குது. ஒன்பது... எட்டு..."

ஏழாவது மாடியில் கம்பி எங்கோ உரசுகிற மாதிரி அவருக்குப் பட்டது. நிறுத்திப் பார்த்துவிடலாமா என்று கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு தலையைத் தொங்கப் போட்டார்.

"தரைத்தளம் வந்தாச்சு. கதவு திறக்குது. எழுந்து போய் அழுக்குத் துணியைத் துவைச்சுப் போடுங்க."

அவருக்குத் திக்கென்றது. கல்யாணமான பதினெட்டு வருஷமாக, வாஷிங் மெஷின் பட்டனெல்லாம் தனக்குப் பிடிபடாது என்று சாதித்து வருகிறவர் அவர். அந்த ஒரு பொய்தான் அவருடைய ஞாயிற்றுக்கிழமைகளைக் காப்பாற்றி வந்தது. ஆனால் பாதியில் விழித்துக்கொண்டால் என்னத்தை நிரூபிப்பது? திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி வாயை மூடிக்கொண்டு எழுந்தார். வெள்ளையைத் தனியே, கலரைத் தனியே பிரித்தார். சோப்புத்தூளை அளந்து போட்டார். அடுத்து பாத்திரம் என்றாள்; தேய்த்தார். அதற்கடுத்து தரை என்றாள்; துடைத்தார். மயங்கினவருக்கு வேர்க்கலாமா கூடாதா என்று தெரியாமலே வேர்த்தது.

கட்டிலுக்கு அடியில் குப்புறப் படுத்து மூலையைத் துடைக்கும்போதுதான் பொறி தட்டியது. இதை அவள் சொல்லவே இல்லையே! நான் ஏன் உள்ளே நுழைந்தேன்? ஒருவேளை நிஜமாகவே...? வாழ்க்கையில் முதல்முறையாக அவர் தன்னையே சந்தேகப்பட்டார். கையைக் கிள்ளிப் பார்த்தார். வலித்தது. அப்பாடா!

தரை துடைக்கிற துணியும் கையுமாக ஹாலுக்குப் பாய்ந்தார். மனைவி சோபாவில் காலை நீட்டிக்கொண்டு பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள்.

"ஏமாந்தியா! நான் மயங்கவே இல்ல. முழு நினைவோடதான் இருந்தேன்!"

"துணியைப் பிரிச்சப்பவுமா?"

"ஆமா!"

"கட்டிலுக்கு அடியில போனப்பவும்?"

"எல்லாம் நானா, தெரிஞ்சேதான் செஞ்சேன்!"

"ரொம்ப சந்தோஷம்" என்று அவள் பக்கத்தைப் புரட்டினாள். "பட்டனெல்லாம் நல்லாவே பிடிபடுதே உங்களுக்கு."

மெக்கானிக்குக்கு அப்போதுதான் உறைத்தது. மயங்கவில்லை என்றால் பதினெட்டு வருஷப் பொய் அம்பலம். மயங்கினேன் என்றால் வாராவாரம் மயக்குவாள். எந்த மாடியிலும் கதவு திறக்காத லிஃப்டில் மாட்டிக்கொண்டாயிற்று. இரண்டில் மயக்கமே மேல், மானமாவது மிஞ்சும் என்று கணக்குப் போட்டு, தொப்பென்று நாற்காலியில் விழுந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"யாரு பேசறது?... எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல... இன்னும் இறங்கிக்கிட்டே இருக்கேன்..."

"கண்ணைத் திறங்க. அடுத்தது ஒட்டடை. அதைப் பார்த்துத்தான் அடிக்கணும்."