பாசிக்கு அனுமதி வாங்கப் போன மங்கையர்க்கரசி

ஒரு காட்டில் என்று ஆரம்பிக்கத்தான் ஆசை. ஆனால் தென் துருவத்தில் காடு கிடையாது. பேருக்கு ஒரு மரம்கூடக் கிடையாது. ஆகவே, ஓர் ஏரியில்.

அந்த ஏரிக்கு ஆண்டு முழுவதும் பனிக்கட்டிக் கூரை. மூன்று ஆள் உயரத்துக்குக் கனம். கோடையில் மட்டும் அந்தக் கூரை வழியே, பழைய வேட்டியில் வடிகட்டியதுபோல், கொஞ்சம் வெளிச்சம் இறங்கும். அதை நம்பிக் கூரையின் அடிப்பக்கத்தில் அங்கங்கே பாசி பிடிக்கும். அந்தப் பாசியை நம்பி ஏரிவாசிகள் உயிர் பிடிப்பார்கள்.

அங்கே துடுப்புக்காலி ஒருத்தி இருந்தாள். கால்களைத் துடுப்புபோல் வீசி நீந்துகிற பூச்சி. உடம்பு கடுகில் பாதி. பெயர் மங்கையர்க்கரசி. தலையில் இரண்டு நீண்ட மீசைகள். பசித்தால் நீந்துவதை நிறுத்தி, மீசையை விரித்து, அசையாமல் மிதப்பாள். எங்கோ ஒட்டியிருக்கும் ஒரு துளிப் பாசியின் வாசனை தண்ணீரில் வந்து சேரும். அந்தப் பக்கம் பார்த்து ஒரே பாய்ச்சல். அவள் அம்மா பிழைத்ததும் இப்படித்தான்.

அந்தக் கோடையில் அவள் வயிற்றோடு ஒட்டிய பையில் பன்னிரண்டு முட்டைகள். அதே கோடையில் கூரைமேல் பனி கொட்டி மூடிக்கொண்டது. வெளிச்சம் குறைய, பாசியும் குறைந்தது. ஒரு துளி தென்பட்டால் அங்கே பத்துப் பேர் அடித்துக்கொண்டார்கள்.

ஏரிவாசிகள் கூட்டம் போட்டுப் பேசினார்கள். இனிமேல் பாசியைக் கண்டவர் உடனே தின்னக் கூடாது; படிவம் எழுதி, மாதிரி இணைத்து, அனுமதி வாங்கிய பிறகே தின்ன வேண்டும்; மீறினால் திருட்டு என்று முடிவாயிற்று.

"அனுமதி யாரு குடுக்கிறது?" என்று கேட்டார்கள்.

"நான் எங்கேயும் போறதில்லையே. நானே குடுக்கிறேன்" என்றார் சக்கரப்பூச்சி ஏகாம்பரம்.

ஏகாம்பரம் ஒரு கல்லில் காலை ஒட்டிக்கொண்டு அதே இடத்தில் வாழ்பவர். தலைமேல் இரண்டு சக்கரங்கள் ஓயாமல் சுழலும். அவருடைய வாய் அந்தச் சக்கரங்களுக்கு நடுவில் இருந்தது. உருவத்தில் மங்கையர்க்கரசியைவிடச் சின்னவர். பதவிக்கு வந்தபின் அது யார் கண்ணுக்கும் படவில்லை. "எப்பப் பார்த்தாலும் வேலையா இருக்கார்" என்று ஊரே மெச்சியது.

மங்கையர்க்கரசி மூன்று நாள் அலைந்து, கூரையின் ஒரு விரிசலில் நல்ல பச்சைப் பாசியைக் கண்டுபிடித்தாள். அங்கேயே தின்றிருக்கலாம். நல்ல குடும்பத்தில் பிறந்தவள், தின்னவில்லை. ஒரு கிள்ளு எடுத்துக்கொண்டு வந்து வரிசையில் நின்றாள்.

அவளுக்கு முன்னால் நீர்க்கரடி அய்யாக்கண்ணு, பேரில்தான் கரடி, ஆள் ஒரு பொடிப்பூச்சி, எட்டுக் காலையும் பரப்பி நின்றிருந்தார்.

"ரொம்ப நேரமா நிக்கிறீங்களா அண்ணே?"

"நேரம் என்ன தங்கச்சி, நான் உறைஞ்சு கிடந்து பல வருஷம் கழிச்சு எழுந்தாலும் உயிர் இருக்கும். உன் பாடுதான் கஷ்டம்."

அவள் முறை வந்தது. படிவத்தையும் மாதிரியையும் முன்னால் வைத்தாள். சக்கரம் சுழன்றது.

"மாதிரி எங்கேம்மா?" என்றார் ஏகாம்பரம்.

"இப்பத்தானே வெச்சேன் அய்யா."

"காணோமே. படிவமும் இல்லையே. நாளைக்குக் கொண்டு வாங்க."

மறுநாள் கொண்டுபோனாள். அன்றும் காணோம். அதற்கு மறுநாள் இரண்டு மாதிரி கொண்டுபோனாள், இரண்டும் காணோம். ஏகாம்பரத்தின் முகத்தில் மினுமினுப்பு ஏறியது.

ஐந்தாம் நாள், வரிசையில் நிற்கும்போதே ஒரு முட்டை பையிலிருந்து கழன்றது. தாய்க்குச் சோறில்லாவிட்டால் அப்படித்தான் ஆகும். அது மெதுவாக இருட்டுக்குள் இறங்கிப் போவதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். துரத்திப் போனால் வரிசையில் இடம் போய்விடும். சாயங்காலம் இன்னொன்று கழன்றது. அப்போது இடத்தைப் பற்றி நினைக்காமல் அதன் பின்னாலேயே பாய்ந்தாள்.

முட்டை கைக்கு எட்டவில்லை. ஆனால் அது போன வழி ஏகாம்பரத்தின் கல்லுக்குப் பின்புறம். அங்கே போனதும் அவள் மீசை இரண்டும் தானாக விரிந்தன. பாசி வாசனை. ஏராளமான பாசி வாசனை.

விஷயம் இதுதான். ஏகாம்பரத்தின் சக்கரம் பெரியது, வாய் சின்னது. இழுத்ததில் பாதிகூட உள்ளே நுழையாது. மீதி அவர் தலைக்கு மேலாகச் சுழன்று பின்புறம் உதிர்ந்துகொண்டிருந்தது. ஊர் முழுக்கக் கொண்டுவந்த மாதிரிகளும், அவற்றோடு வந்த படிவங்களும்.

மங்கையர்க்கரசிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. முன்னால் போய் எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும் என்று திரும்பினாள். போவதற்கு முன் ஒரு வாய் தின்றாள். பிறகு இன்னொரு வாய். வயிறு நிறைந்தபோது கோபம் எங்கே போயிற்று என்று தேடிப் பார்த்தாள், காணோம்.

அடுத்த நாளும் அங்கேயே நின்றாள். அதற்கடுத்த நாளும்.

வரிசையில் நின்றவர்கள் அவளைக் கவனித்தார்கள். அதிகாரிக்குப் பின்னால் ஒருத்தி தினமும் நின்றால் அவள் யாராக இருக்க முடியும்? மூன்றாம் நாள் வணக்கம் வைத்தார்கள். நான்காம் நாள் அய்யாக்கண்ணு மெதுவாக ஒதுங்கி அவள் பக்கம் வந்தார். நேற்றுவரை தங்கச்சி.

"மேடம், ஏழாவது தடவையா மாதிரி குடுத்துட்டேன். காணோம்ங்கறார். நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவருடைய மாதிரியின் ஓரத்துணுக்கு அப்போதுதான் அவள் வாயில் கரைந்துகொண்டிருந்தது. விழுங்கினாள். வயிற்றடியில் பத்து முட்டைகளும் அசைவது தெரிந்தது.

"அய்யா வேலையா இருக்கார் அண்ணே. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தண்ணி கலங்குது."

"சரிங்க மேடம்" என்று அய்யாக்கண்ணு தள்ளிப் போய், வரிசையின் கடைசியில் நின்று, இந்த முறை உறைந்தே போனார்.

அந்த வாரமே, ஏகாம்பரத்தின் கல்லுக்குப் பின்னாலேயே, பத்துக் குஞ்சுகளும் பொரிந்தன. எல்லாம் கொழுகொழுவென்று இருந்தன. மூத்தது பிறந்த சுறுசுறுப்பில் மீசையை விரித்துக்கொண்டு கேட்டது:

"அம்மா, பாசியை எப்படித் தேடணும்?"

"மீசையை மடக்கு, கண்ணு. பக்கத்துல இருக்கிறவன் மேல படுது" என்றாள் மங்கையர்க்கரசி. "மேலே பார்த்து வாயைத் திற. போதும்."

நீதி: அதிகாரிக்கு முன்னால் நிற்பதைவிடப் பின்னால் நிற்பது நல்லது. முடிந்தால் கொஞ்சம் கீழே.