பக்கத்து சீட் பன்னிரண்டு நாளாகக் காலி

அன்பும் பண்பும் நிறைந்த மைத்துனருக்கு உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காவும் நலம். அங்கே நீயும் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும் என்பதே என் ஆசை. இந்த மூன்று வரியை நான் கோபமில்லாமல்தான் எழுதினேன் என்பதைக் குறித்துக்கொள். இனிமேல் வரப்போவதற்கு நான் பொறுப்பில்லை.

போன மாதம் வந்திருந்தபோது எனக்கு ஒன்று, உன் அக்காவுக்கு ஒன்று என்று இரண்டு போன் வாங்கிக் கொடுத்தாய். என் காரில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு தாங்கியை ஒட்டி, அதில் என் போனைச் செருகி, "அத்தான், இனிமே நீங்க யார்கிட்டயும் வழி கேக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ரயிலேறிப் போய்விட்டாய். மச்சான், அடுத்த தடவை வரும்போது அந்தப் போனைத் திருப்பி எடுத்துக்கொண்டு போ. தாங்கியையும் பிய்த்துக்கொண்டு போ. முப்பத்தொரு வருஷம் பதினாலாம் நம்பர் பஸ் ஓட்டியவன் நான். நான் எப்போது யாரிடம் வழி கேட்டேன்? ஊரே என்னிடம்தானே கேட்டது.

ரிடையர் ஆன கையோடு எதற்கு இந்தப் பழைய காரை வாங்கினேன் என்று உனக்குத் தெரியாது, இதுவரை யாருக்கும் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். முப்பத்தொரு வருஷம் ஊரையே ஏற்றிக்கொண்டு போனேனே தவிர, கட்டினவளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு தெருகூட ஓட்டியதில்லை. எப்போதாவது என் பஸ்ஸில் ஏறுவாள். என் தலைக்கு மேலே "டிரைவரிடம் பேசக் கூடாது" என்று பலகை இருக்கும். உன் அக்காவைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, வாயால் சொன்னால் கேட்கமாட்டாள், எழுதி வைத்தால் அப்படியே கேட்பாள். மூன்றாவது சீட்டில் உட்கார்ந்து என் பிடரியைப் பார்த்துக்கொண்டே வந்து, ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போவாள். இந்தக் காரில் பலகை கிடையாது. வாங்கின முதல் மூன்று மாதம் நாங்கள் பேசிய பேச்சு இருக்கிறதே, கல்யாணமான புதிதில்கூட அவ்வளவு பேசினதில்லை. அப்புறம் உன் போன் வந்தது, முன்சீட்டில் மூன்று பேர் ஆகிவிட்டோம்.

மூன்றாவது ஆள் அந்தப் போனுக்குள் இருந்து வழி சொல்லும் அம்மாள். "இருநூறு மீட்டரில் வலப்பக்கம் திரும்பவும்" என்பார். வலப்பக்கம் தெருவே குழாய்க்காகத் தோண்டிக் கிடக்கும். நான் நேரே போவேன். உடனே உன் அக்கா, "அந்தம்மா சொல்றாங்கல்ல, கேட்டாத்தான் என்ன?" என்பாள். "அந்தம்மா இந்த ரோட்டுல எத்தனை வருஷம் வண்டி ஓட்டினாங்க?" என்று கேட்டால், "எத்தனை தடவை நீங்க மீறினாலும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காம வேற வழி சொல்றாங்க பாருங்க, அதைக் கத்துக்கங்க" என்கிறாள். பொறுமைசாலிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு நாளும் தன் தப்பை ஒத்துக்கொண்டதில்லை. ஒரு தடவை துணிக் கிடங்கின் பின்சுவரில் கொண்டுபோய் முட்டவைத்துவிட்டு, "நீங்கள் சேர வேண்டிய இடம் வந்துவிட்டது" என்றார். அங்கே ஒரு நாய் மட்டும்தான் எங்களை வரவேற்றது.

இதையெல்லாம்கூட விட்டுவிடுவேன். தண்ணீர்த்தொட்டி ஸ்டாப்பை அந்த வரைபடத்தில் சாலைக்கு எதிர்ப்பக்கம் போட்டிருக்கிறார்கள். முப்பத்தொரு வருஷம் நான் நின்ற இடம் எனக்குத் தெரியாதா? சரி, திருத்தச் சொல்லி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அரை மணி நேரம் எழுத்து எழுத்தாகத் தடவி எழுதி முடித்து அனுப்பப் போனால், "நீங்கள் இயந்திரம் இல்லை என்று நிரூபியுங்கள், பஸ் இருக்கும் படங்களை மட்டும் தொடுங்கள்" என்று ஒன்பது கட்டம் வந்தது. யாரிடம் என்ன கேட்கிறது பார். நிதானமாகக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். ஒன்பதில் நான்கு பஸ் மாதிரி இருந்தது. அதில் ஒன்று சுற்றுலா வண்டி, ரூட்டில் ஓடுகிற பஸ்ஸே அல்ல. இன்னொன்று லாரி சேஸிஸ் மேல் பஸ் பாடி கட்டினது, அதன் அச்சைப் பார்த்தாலே தெரியும். எனக்கு மனசாட்சி இருக்கிறது, இரண்டை மட்டும் தொட்டேன். தவறு என்றது. மறுபடி ஒன்பது கட்டம், மறுபடி தவறு. மூன்றாவது தடவை உன் அக்கா வந்து எட்டிப்பார்த்து, பஸ்ஸும் இல்லாமல் வேனும் இல்லாமல் நின்ற ஏதோ ஒன்றையும் சேர்த்து டக் டக்கென்று தொட்டாள், அவளை மனுஷி என்று ஒத்துக்கொண்டுவிட்டது. அன்றிலிருந்து இந்த வீட்டில் நான் பேச ஆரம்பித்தால், "இயந்திரம் சொல்லுது" என்கிறாள்.

இன்டர்நெட்டைப் பற்றி என் பொதுவான அபிப்பிராயத்தையும் கேட்டுக்கொள். ஒரு நாள் சாப்பிட்டு எழுந்திருக்கும்போது முழங்கால் வலிக்கிறது என்று முனகினேன். மறுநாள் போனைத் திறந்தால் முழங்கால் பட்டை விளம்பரம். ஒட்டுக்கேட்கிற பக்கத்து வீட்டு அம்மாளாவது மறுநாள் சுவருக்கு மேலே எட்டி "இப்ப வலி எப்படி இருக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்பார். இது அதுகூடக் கேட்பதில்லை.

இப்போது முக்கியமான குற்றத்துக்கு வருகிறேன். பஸ்ஸில் கண்டக்டர் கயிற்றை ஒரு தடவை இழுத்தால் 'டிங்', நிற்க வேண்டும். இரண்டு தடவை இழுத்தால் 'டிங் டிங்', கிளம்ப வேண்டும். திரும்பிப் பார்ப்பது டிரைவர் வேலை இல்லை. இது மூளைக்குப் போய் வருகிற சமாச்சாரமே இல்லை, காதிலிருந்து நேராகக் காலுக்குப் போகிற சமாச்சாரம். பன்னிரண்டு நாளைக்கு முன்னால் சந்தை வாசலில் காரை நிறுத்தினேன். "தக்காளி மட்டும் வாங்கிட்டு வந்துடறேன், இன்ஜினை அணைக்காதீங்க" என்று உன் அக்கா இறங்கினாள். நான் ஸ்டியரிங்கில் கை வைத்து சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்போது தாங்கியில் இருந்த போன் 'டிங் டிங்' என்றது. என் கால் பிரேக்கை விட்டது, கை கியரைப் போட்டது, வண்டி கிளம்பிவிட்டது. பள்ளிக்கூட ஸ்டாப், ஆஸ்பத்திரி ஸ்டாப், தண்ணீர்த்தொட்டி ஸ்டாப் எல்லாம் தாண்டி, "இன்னிக்குக் கூட்டம் கம்மி" என்று பேச்சுக் கொடுத்துத் திரும்பினால் பக்கத்து சீட்டில் ஆளில்லை. ஓரமாக நிறுத்திப் போனைப் பார்த்தேன். வந்திருந்தது உன் செய்தி. ஒரு ரோஜாப்பூ, அதன் மேல் பனித்துளி, கீழே "இனிய காலை வணக்கம்". மச்சான், காலை பத்தரை மணிக்கு யாருக்குடா அது காலை வணக்கம்?

திரும்பிப் போய் சந்தை முழுக்கத் தேடினேன். தக்காளிக்காரரிடம் கேட்டேன், "அப்பவே போயிட்டாங்களே" என்றார். பழக்கடை, பாத்திரக்கடை, பின்வாசல் எல்லாம் சுற்றி, வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வந்தால், உன் அக்கா கூடத்தில் உட்கார்ந்து தக்காளியைக் கழுவித் துடைத்துக்கொண்டிருக்கிறாள். பதினாலாம் நம்பர் பிடித்து வந்துவிட்டாளாம். மேஜையில் எனக்கு டீ, ஆவி பறக்க. இதைத்தான் நீ கவனிக்க வேண்டும். நான் எந்த நேரம் எங்கிருந்து வந்தாலும் சரி, அன்றைக்கும் சரி, ஒவ்வொரு வியாழக்கிழமையும் முடி வெட்டிக்கொண்டு வரும்போதும் சரி, படியேறும்போது டீ சூடாக இருக்கும். டூட்டியில் இருந்த காலத்திலும் அப்படித்தான். எந்த இன்டர்நெட் இதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது? மனுஷ மனசுக்கு மட்டும் தெரிகிற கணக்கு இது. இதை எந்தப் போனிலும் அடைக்க முடியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

டீயைக் கையில் கொடுத்துவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னாள். "மணி அடிச்சா ஆளை விட்டுட்டுப் போற வண்டியில நான் இனி ஏறமாட்டேன்." அன்றிலிருந்து சந்தைக்கும் நூலகத்துக்கும் பஸ்ஸில்தான் போகிறாள். "நான் ஏறிட்டேனான்னு பார்த்துட்டுத்தான் அந்தக் கண்டக்டர் மணி அடிக்கிறார்" என்று வேறு சொல்லிக் காட்டுகிறாள். நான் என்ன செய்வேன், பஸ்ஸுக்குப் பின்னாலேயே காரை ஓட்டிக்கொண்டு போகிறேன். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் அது நிற்கிறது, நானும் நிற்கிறேன். புது டிரைவருக்குக் கிளச் விடத் தெரியவில்லை, உன் அக்கா குலுங்குவது பின்கண்ணாடியில் தெரிகிறது. திரும்பிப் பார்க்கமாட்டாள். எனக்கு அது தாங்கவில்லை மச்சான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

போனை அன்றைக்கே சத்தத்தை அடக்கி, நீ மாட்டிவிட்ட சார்ஜர் வயரோடேயே டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டேன். இனி அதற்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் அது காரில் இருக்கிறவரை அவள் ஏறமாட்டாள் என்று நினைக்கிறேன். ஆகவே நீ வந்து எடுத்துப் போவதுதான் ஒரே வழி. நீ சொன்னால் அவள் கேட்பாள்.

மற்றபடி வீட்டில் எல்லாம் சுகம். உன் மனைவிக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு என் ஆசிகள். எல்லோரும் நீண்ட ஆயுளோடும் குறைந்த சத்தத்தோடும் வாழ வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
இயந்திரம் அல்லாத
உன் அத்தான்

பின்குறிப்பு: மேலே எழுதியதை மறந்துவிடு. உன் வீட்டு விலாசம் உன் அக்காவின் நோட்டில்தானே இருக்கிறது, உறையை நீட்டி விலாசம் எழுதச் சொன்னேன். உறைக்குள் இருந்ததை எடுத்து முழுக்கப் படித்துவிட்டாள். டீ பற்றி எழுதிய இடம் வந்ததும் சிரிக்க ஆரம்பித்தவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் போனை எடுத்துக் காட்டினாள். வரைபடத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு நீலப் புள்ளி. "இதுதான் நீங்க" என்றாள். கார் எங்கே போனாலும் புள்ளியும் போகுமாம், பெட்டிக்குள் போட்டு மூடினாலும் போகுமாம். நீதான் வைத்துக் கொடுத்தாயாமே. புள்ளி நம் தெருவில் திரும்பினதும் டீயை அடுப்பில் வைப்பாளாம்.

அப்புறம் கேட்டாள்: "வியாழக்கிழமை முடி வெட்டுற கடை தண்ணித்தொட்டி ஸ்டாப்ல அரை நிமிஷம், ஆஸ்பத்திரி ஸ்டாப்ல அரை நிமிஷம், காகித ஆலை ஸ்டாப்ல அரை நிமிஷம் நிக்குமா?" மச்சான், உன்னிடம் என்ன மறைவு. என் தலையில் இருக்கிற முடிக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கத்திரி பட்டால் போதும். வியாழக்கிழமைதோறும் நான் டிப்போ வாசலில் தொடங்கி பதினாலாம் நம்பரின் கடைசி ஸ்டாப் வரை போய், எல்லா இடத்திலும் நின்று நின்று வருகிறேன். வெளியே சொல்ல வெட்கம்.

நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். உன் அக்கா சொன்னாள்: "நீங்க டூட்டியில இருந்தப்போ டீ எப்பவும் சூடா இருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்களே, அது மனக்கணக்கு இல்லை. மூணு தடவை சூடு பண்ணுவேன். நீங்க வர லேட்டானா ஜன்னல்லயே நிப்பேன். முப்பத்தொரு வருஷமா நீங்க எங்க இருக்கீங்கன்னு ஒரு நாள்கூட எனக்குத் தெரிஞ்சதில்லை. இப்பத்தான் தெரியுது. அதைப் போய் எடுத்துட்டுப் போகச் சொல்றீங்களே." டீயைக் குடித்தேன்.

நாளைக்கு வியாழக்கிழமை. அவளும் வருகிறாள், கடைசி ஸ்டாப் வரைக்கும். ஒரு நிபந்தனை, மணி அவள்தான் அடிப்பாளாம். கைப்பையில் ஒரு தம்ளரும் கரண்டியும் இப்போதே எடுத்து வைத்துவிட்டாள். ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தின பிறகுதான் தட்டுவாளாம். ஆகவே நீ போனை எடுக்க வராதே. சும்மா வந்தால் வா, பின்சீட்டுதான் கிடைக்கும், எல்லா ஸ்டாப்பிலும் நிற்கும். போனைப் பெட்டியிலிருந்து எடுத்து மறுபடி தாங்கியில் செருகிவிட்டேன். அதற்குக் கீழே ஒரு அட்டையில், உன் அக்காவுக்குத் தெரிகிற மாதிரி பெரிய எழுத்தில், "டிரைவரிடம் பேசலாம்" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.