கண்ணாடிப் பெட்டிக்குள் தச்சர்

அநியாயம் நடந்தது தையல்காரம்மாவுக்கு. அவருடைய புருஷனை ஊர் அருங்காட்சியகம் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, பாரம்பரியம் என்று அறிவித்துவிட்டது.

புருஷன் தச்சர். புதுப் பெட்டிக்குள் உட்கார்ந்து கடைசித் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார். திறப்புவிழாவுக்கு வந்த மேலதிகாரிக்கு எதைத் திறக்கிறோம், எதை மூடுகிறோம் என்று பார்க்கும் பழக்கமில்லை. கதவைச் சாத்தி அரக்கு முத்திரை வைத்தார். எல்லாரும் கையைத் தட்டினார்கள். தச்சர் கண்ணாடியைத் தட்டினார்.

தையல்காரம்மா அளவுநாடாவைக்கூடக் கழுத்திலிருந்து எடுக்காமல் அருங்காட்சியகக் காப்பாளரிடம் ஓடினார்.

"ஐயா, என் வீட்டுக்காரரை வெளிய விடுங்க."

"முத்திரை வெச்சவர்தாம்மா பிரிக்கணும். அவர் மாற்றலாகிப் போயிட்டார்."

"அப்ப கண்ணாடிய உடைங்க."

"பாரம்பரியச் சொத்தும்மா அது."

"யாரு, இவரா? போன வாரம் உங்க நாற்காலிக்குத்தானே கால் மாட்டிக்கிட்டிருந்தாரு?"

"அப்படியா? அதையும் விவரப் பலகையில சேர்த்துடறோம்."

சேர்த்தார்கள். 'வாழும் மரபு' என்று தலைப்பும் போட்டார்கள். அப்போது எங்கும் அதுதான் மோகம். தெருவில் எதிரே வந்தபோது தச்சரை ஏறிட்டும் பார்க்காத ஜனம் இப்போது செல்போனும் கையுமாக வரிசை கட்டியது. தச்சர் உள்ளிருந்து கத்தினால், "எவ்வளவு தத்ரூபம்!" என்று மெய்சிலிர்த்தது. கட்டில் கால் உடைந்தவர்கள்கூட அவரைக் கண்குளிரப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தரையில் படுத்தார்கள்.

காற்றுத் துளை வழியாகச் சோற்றை உருட்டிப் போட்ட தையல்காரம்மாவைக் காவலர் தடுத்தார். "காட்சிப் பொருளுக்குத் தீனி போடக் கூடாது." வாதாடியதில் அது 'பராமரிப்புப் பணி' என்ற வகையில் அனுமதிக்கப்பட்டது.

நாத்தனார் குடும்பத்தோடு வந்து படமெடுத்துக்கொண்டாள். "கோச்சுக்காதீங்க அண்ணி, அண்ணன் இப்பதான் பார்க்க லட்சணமா இருக்கான்."

"அப்ப உன் வீட்டுக்காரரையும் உள்ள அனுப்பேன்."

"கேட்டுப் பார்த்தேன் அண்ணி. தகுதி பத்தலையாம்."

தையல்காரம்மா விடவில்லை. தினமும் காப்பாளர் மேசைமுன் போய் நின்றார். ஒருவழியாகப் பாதுகாப்புக் குழு கூடியது. காப்பாளர் எழுந்து, சட்டைப் பொத்தான்களைச் சரிசெய்துகொண்டு முடிவைச் சொன்னார்.

"அம்மா, உங்க பக்கம் நியாயம் இருக்குன்னு குழு ஒருமனதா ஏத்துக்கிச்சு. ஜோடிப் பொருளைப் பிரிச்சு வைக்கிறது பாதுகாப்பு நெறிக்கு முரண். அதனால உங்களுக்கும் ஒரு பெட்டி அனுமதி ஆயிருக்கு. செய்ய வேண்டிய தச்சர்தான் பெட்டிக்குள்ள மாட்டிக்கிட்டார். பெட்டி தயாராகுற வரைக்கும் அந்த மூலையில கொஞ்சம் அசையாம நில்லுங்க. ஜனங்க வரிசையில காத்திருக்காங்க."