தொட்டிக்குப் பாதி, எனக்குப் பாதி

இனிமேல் காஸ் சிலிண்டர் என் வீட்டு வாசற்படியை மிதிக்கக் கூடாது என்று சபதம் செய்தேன். நான் குழாய் ரிப்பேர்காரன். ஊரில் எந்தக் குழாயும் என் பேச்சைக் கேட்கும். வீட்டிலும் குழாய் மட்டும்தான் கேட்கும். கொல்லைப்புறத்தில் பெரிய டிரம்முக்குள் சின்ன டிரம்மைக் கவிழ்த்து, சாணத்தைக் கரைத்து ஊற்றிக் காஸ் தொட்டி செய்தேன். "இதுல அடுப்பு எரியலைன்னா நானே பழைய சாமான்காரர்கிட்ட தூக்கிப் போட்டுடறேன்" என்று மனைவியிடம் வாயையும் விட்டுவிட்டேன்.

தொட்டியில் காதை வைத்தேன். உள்ளே 'களக்' என்றது. யாரப்பா அங்கே, என்ன செய்கிறீர்கள் என்று எட்டிப் பார்க்க ஆசை. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கழிவைத் தின்றால் காஸ் வரும். காஸ் சேர்ந்தால் மேல் டிரம் எழும்பும். எழும்பவில்லை. பசி போலும்.

"இந்தாம்மா, சமையல் கழிவு இருந்தா குடு."

"என் சமையல்ல எதுங்க வீணாப் போகுது?"

"காய்கறித் தோலு?"

"அதை வதக்கித்தானே காலைல உங்களுக்கு வச்சேன்!"

"அப்ப என் தொட்டி பட்டினியா?"

"வீட்ல வெட்டியா இருக்கறது நீங்க ஒருத்தர்தான். இறங்கறீங்களா?"

"விளையாடாத!"

"சரி, உங்க தட்டுல பாதியைக் குடுங்க. உங்க தொட்டிதானே?"

மானப் பிரச்சினை. அன்றிலிருந்து வறுவலில் பாதி, கேக்கில் பாதி தொட்டிக்குப் போயிற்று. எனக்குக் கண்ணீர், கிருமிகளுக்கு விருந்து. இன்னும் கொஞ்சம் சோறு கேட்டால், "உங்களுக்கா, தொட்டிக்கா?" என்பாள். "தொட்டிக்குத்தான்" என்று பல்லைக் கடித்துக்கொள்வேன். மேல் டிரம் மெல்ல எழும்பியது. என் கால்சட்டை மெல்ல இறங்கியது.

ஒரு காலையில் தொட்டிக் குழாயைத் திருகி, கொல்லையிலேயே வைத்த அடுப்பில் தீக்குச்சியைக் காட்டினேன். நீலமாய்ப் பற்றியது! நான் தியாகம் செய்த வறுவல் எரிகிறது! அதில் ஏற்றிய தண்ணீர் கொதிப்பதைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த வீட்டு அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, தொட்டி வேலை செய்யுதா?"

மனைவியின் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

"பிரமாதம்க்கா! பாதியா சாப்பிடுங்கன்னு டாக்டர் தலைகீழா நின்னும் கேக்காத மனுஷன். இப்பத் தொப்பையே காணோம், பாருங்க! உங்க வீட்டுக்காரருக்கும் ஒண்ணு செஞ்சு வைங்க. கொஞ்சம் காஸும் வருது."